நிகர எடை

அப்பா செத்த அன்று
தில்லைநாயகி அக்காவுக்கு அங்கே நூற்றிப் பன்னிரண்டாம் நாள்.
இறங்க இன்னும் எழுபது நாள் இருந்தது.
பேருந்தா என்ன,
ஆல்பேட்டையில் கொஞ்சம் நிறுத்தச் சொல்ல.

தாலுகா ஆபீசில் வாரிசுச் சான்றிதழுக்கு
மூன்று பெயர் எழுதிக் கொடுத்தோம்.
"மகள் எங்கே, வெளிநாடா?"
"வெளி" என்றேன். "நாடு இல்லை."
எழுத்தர் பேனாவை மூடிவிட்டு
என்னை நிமிர்ந்து பார்த்தார்.
முகவரிக் கட்டத்தில் கடைசியில்
முதுநகர் வீட்டு எண்ணையே போட்டார்.
அதுவும் பொய்யில்லை:
நாளைக்குப் பதினாறு முறை பூமியைச் சுற்றுகிறவள்
இரண்டொரு முறை
எங்கள் கூரைப் பக்கமாகத்தான் போகிறாள்.

எங்களுடையது எடைமேடை.
துறைமுகச் சாலையில், உப்பனாற்றுக் காற்றில்
துருப்பிடிக்கிற அறுபது டன் மேடை.
மீன் லாரி, முந்திரி லாரி,
சிப்காட்டுக்குப் போகும் பெயர் எழுதாத பீப்பாய் லாரி.
மொத்த எடை, காலி எடை, நிகர எடை.
அப்பா உலகத்துக்குச் சீட்டெழுத
அந்த மூன்று வரி போதுமாயிருந்தது.

ஞாயிறு இரவில் அக்காவிடமிருந்து போன் வரும்.
சாப்பிட்டாயா என்று கேட்கமாட்டார்.
"இப்ப என்ன எடை?"
"இங்க எடையே இல்லப்பா."
"மெஷினைச் சுழியில வச்சுப் பாத்தியா?"
அவள் சிரிப்பு வந்துசேர ஒரு நொடி ஆகும்.
பிறகு விளக்குவாள்:
வில் வைத்த இருக்கை ஒன்று இருக்கிறதாம்,
ஏறி உட்கார்ந்தால் முன்னும் பின்னும் ஆடுமாம்,
ஆட்டம் எவ்வளவு மெதுவோ
ஆள் அவ்வளவு கனம்.
அப்பா இரண்டு நாள் யோசித்தார்.
மூன்றாம் நாள் ஒரு முந்திரி லாரி டிரைவரிடம்
ரகசியம் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார்:
"ஆட்டிப் பாத்தாத்தான்டா தெரியுமாம், ஆள் கனம்."

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும்
கலியமூர்த்தி அண்ணன்
விடுதலைப் பத்திரத்துக்கு எழுதி வாங்கி வந்தான்.
தங்கை வந்து கையெழுத்துப் போட்டால்
மேடையை இரும்பு விலைக்குத் தள்ளிவிட்டு
மனையை விற்கலாம்.
ஆகாயத்தில் இருக்கிறவளுக்கு ஆறு சென்ட் எதற்கு.
ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டான்.
வழக்கமான ஒரு நொடி போனது.
இன்னொன்று போனது, அது அவளுடையது.
"என் பங்கு எனக்கு வேணும், அண்ணே."
"எதுக்கு?"
"நிக்கிறதுக்கு."
அண்ணன் போனைக் கவிழ்த்து வைத்தான்.
கவிழ்ந்த போனுக்குள்
அங்கே ஓயாமல் ஓடும் மின்விசிறிகளின் சத்தம்
கொஞ்ச நேரம் கேட்டது.

இருவரிடமும் நான் சொல்லாதது ஒன்று உண்டு.
சாம்பலைத் தேவனாம்பட்டினம் கொண்டுபோன விடியலில்
ஆட்டோவை மேடையருகே நிறுத்தினேன்.
கலயத்தை நடுத் தகட்டில் வைத்துவிட்டு
உள்ளே ஓடித் திரையைப் பார்த்தேன்.
சுழி.
பத்துக் கிலோவுக்குக் கீழே
இந்த மெஷினுக்கு எதுவும் தெரியாது.
எனக்குத் தெரிந்ததுதான்,
முத்திரை போட வரும் ஆய்வாளர்
வருஷா வருஷம் சொல்வதுதான்.
ஆனாலும் கண்ணாடியை ஒருமுறை தட்டினேன்.

ஐந்து நாற்பத்திரண்டுக்கு அவள் போனாள்.
சிமிட்டாத வெள்ளைப் புள்ளி, நான்கு நிமிடம்.
முழங்கால் தண்ணீரில் நான் கலயத்தைக் கவிழ்க்க
கடல் தாண்டிப் பர்மா பக்கம் சரிந்தாள்.
அடுத்த ஞாயிறு சொன்னாள்:
"ஜன்னல்கிட்டதான் இருந்தேன்.
கடலூர் விளக்கெல்லாம் தெரிஞ்சுது.
நம்ம மேடை விளக்கு எதுன்னுதான் தெரியல."
கிளம்பும்போது அதை
நான்தான் அணைத்துவிட்டுப் போயிருந்தேன்,
கரண்ட் பில்லை நினைத்து.
"பனியா இருந்திருக்கும்" என்றேன்.

இன்னும் நாற்பத்தொரு நாள்.
இறங்கியதும் கொஞ்ச காலம் நடை தள்ளாடுமாம்.
மேடை ஏறும் சரிவில்
கைப்பிடிக் குழாய் ஒன்று வெல்டிங் வைத்திருக்கிறேன்.
பாதிச் செலவை அண்ணன் தருவானா தெரியவில்லை.
எப்படியும் அவள்
பத்துக் கிலோவுக்கு மேலே இருப்பாள்.